ஒரு கொடிக்கு ஒரு பழம்



வழக்கமாக எமது ஆலயத்தின் வரவு செலவு அறிக்கையை எழுதும் நான் இம்முறை ஒரு பழத்தைப் பற்றி எழுதுகிறேன். பழத்தில் தொடங்கினாலும் கேள்வி வேறு. மற்றவர்களின் பங்கையும் பெற்று வளர்ந்த ஒருவன் அந்தக் கணக்கை எப்படித் தீர்ப்பது?

டுசில்டோர்ப் நகரின் இம்மர்மான் வீதியில் யப்பானியக் கடைகள் வரிசையாக இருப்பதை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். நான் வேலை செய்யும் அலுவலகத்திலும் யப்பானியக் கொம்பனிகளின் கணக்குகள் உண்டு. அந்த வேலையாகச் சென்ற வருடம் ஒரு வாரம் ரோக்கியோவுக்குப் போக நேர்ந்தது. கடைசி நாளன்று அங்குள்ள வயதான கணக்காளர் ஒருவர் என்னை நிஹொன்பாஷியில் உள்ள செம்பிகியா என்ற பழக்கடைக்கு அழைத்துச் சென்றார். 1834ஆம் ஆண்டு தொடங்கிய கடை அது. ஆரம்பத்தில் “பழங்கள் மலிவாக விற்கப்படும்” என்றுதான் பலகை தொங்கவிட்டிருந்தார்களாம். இன்று அங்கே ஒரு மஸ்க் மெலனின் விலை 20,000 யென் அளவில், அதாவது நூறு யூரோவுக்கும் மேல்! மேல்மாடியில் அந்தப் பழங்களை வெட்டி, ஐஸ்கிறீமுடன் உயரமான கண்ணாடிக் கிண்ணங்களிற் பரிமாறுகிறார்கள்.

இதைவிடப் பெரிய விலையும் உண்டு. 2019ஆம் ஆண்டு யூபரி என்ற ஊரின் மெலன் சோடி ஒன்று 50 லட்சம் யென்னுக்கு ஏலம் போனது. அன்றைய மாற்று விகிதப்படி ஏறக்குறைய 40,000 யூரோ. “இது அநியாயம் அல்லவா?” என்று நண்பரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “யாரும் தனக்காக இதை வாங்குவது குறைவு. பெரியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் நன்றி சொல்லக் கொண்டுபோவார்கள்” என்றார். நாம் பழத்தட்டுடன் உறவினர் வீட்டுக்குப் போவது நினைவுக்கு வந்தது. அதனால் விலை பற்றிய என் கோபம் கொஞ்சம் தணிந்தது.

பிறகு அந்தப் பழம் எப்படி விளைகிறது என்று சொன்னார். ஷிசுஒகா மாகாணத்தில், கண்ணாடிக் கூடாரங்களில், விதையிட்டதிலிருந்து ஏறக்குறைய நூறு நாட்கள் வளர்க்கிறார்கள். ஒரு கொடியில் மூன்று நான்கு பிஞ்சுகள் பிடிக்கும். அவை முட்டை அளவு வந்ததும் தோட்டக்காரர் நல்லதொன்றைத் தெரிந்து, மற்றவற்றை வெட்டிவிடுவார். கொடியின் முழு இனிப்பும் அந்த ஒன்றுக்கே போகவேண்டும். ஒரு கொடிக்கு ஒரு பழம். “வெட்டிய பிஞ்சுகள்?” என்றேன். “ஊறுகாய் போடுவார்கள்” என்றார்.

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

2007ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பை முடித்திருந்த என்னை வெளியே அனுப்ப வீட்டில் முடிவெடுத்தார்கள். தோட்டக்காணி ஈடு வைக்கப்பட்டது. அக்காவின் கல்யாணத்துக்கென்று சேர்த்த நகை விற்கப்பட்டு ஏஜென்சிக்காரனின் கைக்குப் போனது. எல்லோரையும் அனுப்ப வழியில்லை. ஒருவரைத்தான் அனுப்பலாம். அந்த ஒருவன் நான். அக்காவுக்குப் பிறகு கல்யாணம் அமையவேயில்லை.

இங்கு வந்து கோப்பை கழுவி, டொச் படித்து, மீண்டும் பரீட்சை எழுதிக் கணக்காளன் ஆனேன். மாதம் தவறாமல் காசு அனுப்பினேன். காணியும் மீட்டாயிற்று. ஆனாலும் சில வருடங்களுக்கு முன் தொலைபேசியில் ஏதோ வாக்குவாதம் வந்தபோது, என் தொழிற்புத்தி முந்திக்கொண்டது. “அக்கா, எனக்குச் செலவழிச்சதைப்போல நாலு மடங்கு அனுப்பிப்போட்டன்” என்று சொல்லிவிட்டேன். சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு அக்கா சொன்னா: “தம்பி, நான் உனக்குக் கடன் எண்டு தரேல்லையே.”

கடன் என்றால் கட்டி முடிக்கலாம். அது கடனாக இல்லாதபோது எந்தப் பக்கத்தில் எழுதுவது? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் பெற்றோர் செய்தது பிழை என்று நான் சொல்லவில்லை. அன்றைய யுத்த நிலையில் ஒருவனையாவது காப்பாற்ற நினைத்தார்கள். அப்படிச் செய்திராவிட்டால் எல்லோருமே வாடியிருக்கக்கூடும். ஆனால் மெலனுக்குத் தன் இனிப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியாது. மனிதனுக்குத் தெரியும். தெரிந்தும் “என் கெட்டித்தனத்தால் முன்னேறினேன்” என்று மண்டபங்களில் பேசுவதுதான் பிழை. நானும் அப்படிப் பேசியிருக்கிறேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பார்ப்போம். மாம்பழத்தை வெட்டக்கூடாது என்றபடியால் ஒரு பிள்ளை கோபித்து மலையேறிய கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பிள்ளையாரின் புத்தியை மெச்சுகிறோம். மலையேறிய பிள்ளையின் மனதைப் பற்றிக் கேட்பது குறைவு. இந்த நாட்டில் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்து விடுகிறார்கள். கிம்னாசியம் போன பிள்ளையின் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, மற்றப் பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளையைப் பற்றிப் பேசாமல் விடும் வீடுகள் எம்மிடையே இல்லையா? எம் பெற்றோரை வறுமையும் யுத்தமும் தள்ளின. இங்கே எம் கையில் கத்தியைத் தந்தது யார்?

ரோக்கியோவிலிருந்து திரும்பிய கையோடு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பழத்தின் கதையைச் சொன்னேன். அன்று சொன்ன வார்த்தைக்கு மன்னிப்பும் கேட்டேன். “நூறு யூரோவுக்குப் பழமோ? எங்கட கறுத்தக்கொழும்பானைவிட இனிப்போ?” என்று கேட்டுச் சிரித்தா.

“இல்லை” என்றேன். அது பொய்யல்ல.

என் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். மாமியின் நகை என்ன ஆனது என்று அன்றுதான் அவர்களுக்குச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் அப்படியொரு கதை இருந்தால், பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டீர்களா?