சிற்றன்னைக்குக் கேட்ட வரம்



தை ஹஸ்தத்தில் திருவவதரித்த ஆழ்வானுடைய உத்ஸவத்தை ஸேவிக்கக் கூரத்துக்கு எழுந்தருளியிருக்கும் பாகவதர்களில், அவர் காஞ்சியில் வரம் கேட்ட வ்ருத்தாந்தத்தை அறியாதார் இரார். சோழன் ஸபையில் கண்களை இழந்து, உடையவரைப் பன்னிரண்டு ஆண்டுகள் பிரிந்திருந்து, மீண்டும் அவர் திருவடிகளைச் சேர்ந்தபின், அவருடைய நியமனப்படி பேரருளாளனை ஸ்தோத்ரம் செய்தார் ஆழ்வான். கண்ணைக் கேட்பார் என்று எதிர்பார்த்திருக்க, தமக்கு அக்கேடு விளையக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிடைக்கவேண்டும் என்று கேட்டார் என்பது குருபரம்பரை.

இதற்கு முன்னோடியான வரம் ஒன்று ஸ்ரீராமாயணத்தில் உண்டு. கேட்டவன் மூத்தாள் மகன். யாருக்காகக் கேட்டானோ அவள் சிற்றன்னை.

இவ்விஷயத்தை இம்மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஸந்நிதியில் அர்ச்சனைக்குக் குடும்பத்தார் பெயர்களைச் சொல்லி வருகிறவர்களில் சிலர், ஒரு பெயருக்கு முன் சற்றே நின்று, அதை விட்டு அடுத்ததைச் சொல்வதை அடியேன் கண்டதுண்டு. தகப்பனார் இரண்டாம் விவாஹம் செய்துகொண்ட வீடுகள் எவ்வூரிலும் உள்ளன. இப்பக்கத்து நெசவு வீடுகளில், கோர்வைச் சேலைக்கு ஓரத்து நாடாவைத் தள்ளித்தர இன்னொரு கை வேண்டும். தாயில்லாப் பிள்ளைகள் அந்தக் கையாகத் தறியோரம் உட்கார்ந்தே வளர்ந்ததும் உண்டு. அவர்கள் பெரியவர்களாகிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால், தகப்பனாரும் பரமபதித்த பின்னர், ஊர் திரும்ப உத்ஸவம் ஒன்றே வியாஜம். வந்து பெருமாளை ஸேவிக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று கோயில் வாசலில் நின்று யோசிக்கிறார்கள்.

சாஸ்த்ரத்தில் இந்த யோசனைக்கே இடமில்லை. ஒரு புருஷனுடைய பத்நிகளில் ஒருத்திக்குப் பிள்ளையிருந்தால், அவனாலேயே மற்றவர்களும் பிள்ளையுடையவர்கள் என்றார் மநு. மஹாளயத்தில் ஸாபத்ந மாதாவுக்கும் எள்ளும் நீரும் விதித்திருக்கிறது. இருந்தபோது அவள் வாசற்படி மிதியாதவர்கள், போனபின் அதை மட்டும் குறைவறச் செய்துவைக்கும்படி கேட்பதைப் பார்த்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரிவதில்லை. அது நிற்க.

கைகேயி தொடக்கத்திலிருந்தே பொல்லாதவள் என்று பேசுவது, ஸ்ரீராமாயணத்தை முழுதும் வாசியாதவர்கள் வழக்கம். பட்டாபிஷேகச் செய்தியைக் கேட்டவுடன் மந்தரைக்கு ஆபரணம் கொடுத்தாள் அவள். ராமனிடத்தும் பரதனிடத்தும் தனக்கு வேறுபாடில்லை, கௌஸல்யைக்குச் செய்வதைக் காட்டிலும் ராமன் தனக்கே அதிகம் பணிவிடை செய்கிறான் என்றாள். அத்தனை வருஷத்து அன்பு ஓர் இரவில் கெட்டது.

அதன்பின் சக்ரவர்த்தி வாயிலிருந்து வந்த வார்த்தை கொடிது. உன்னையும் உன் மகனையும் விட்டேன் என்றார். இந்த ராஜ்யத்தைப் பெற்றுப் பரதன் மகிழ்வானாகில், அவன் செய்யும் உத்தரக்ரியை தம்மை வந்து சேரவேண்டா என்றும் சொன்னார். வனவாஸத்துக்குப் பதினான்கு வருஷம் என்ற எல்லையாவது உண்டு. இந்தச் சொல்லுக்கு எல்லை இல்லை. சொன்னவரும் அதைத் திரும்பப் பெறாமலே உயிர் நீத்தார்.

ராமனுக்கு வருத்தமே இல்லை என்று சொல்லக்கூடாது. கங்கையைக் கடந்த இரவில் ஒரு மரத்தடியில் லக்ஷ்மணனிடம் மனம் நொந்து பேசுகிறான். கைகேயியால் தன் தாய்க்குத் தீங்கு நேருமோ என்றுகூட அஞ்சுகிறான். சிற்றன்னை கையால் பட்டினி கிடந்த பிள்ளையிடம், மறந்துவிடு என்று சொல்ல நமக்கு அதிகாரம் ஏது? வால்மீகியும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த மரத்தடிப் பேச்சிலேயே ராமன் நின்றுவிடவில்லை. சித்ரகூடத்தில் தம்பியரைத் தழுவி விடைகொடுக்கும்போது, கைகேயியைக் காப்பாற்று, அவள்மேல் கோபியாதே என்று, தன்மேலும் ஸீதையின்மேலும் ஆணையிட்டுச் சொல்கிறான். பஞ்சவடியில் ஹேமந்த காலத்து விடியலில் லக்ஷ்மணன் அவளைப் பழித்தபோது, நடுத்தாயாரைப் பழிக்காதே, பரதன் கதையைச் சொல் என்று தடுக்கிறான்.

ராவண வதமானபின் தசரதர் விமானத்தில் வந்து காட்சி கொடுக்கிறார். உன்னைக் காட்டுக்கு அனுப்பக் கைகேயி சொன்ன சொற்கள் இன்னமும் என் நெஞ்சில் நிற்கின்றன என்கிறார். ஸ்வர்க்கம் சென்றும் அது ஆறவில்லை! அவர் மனம் குளிர்ந்திருந்த அந்த வேளையில் ராமன் ஒன்றே ஒன்று வேண்டினான்: மகனோடு உன்னை விட்டேன் என்று சொன்னீரே, அந்தக் கொடிய சொல் கைகேயியையும் பரதனையும் தீண்டலாகாது. அப்படியே ஆகட்டும் என்றார் தகப்பனார்.

அவள் வருந்தினாளா, மன்னிப்புக் கேட்டாளா என்று ராமன் யாரிடமும் விசாரித்ததாக இல்லை. இலங்கையிலிருக்கும் அவனுக்கு அயோத்திச் செய்தி எதுவும் தெரியாது. அவளைக் காண்பதற்கு முன்னரே, அவளுக்கும் தகப்பனாருக்கும் இடையிலிருந்த வழக்கைத் தீர்த்துக்கொண்டு புறப்பட்டான். வீட்டுப் படியேறுவதற்குள் தீரவேண்டியது அது. படியேறியபின் அதைப் பேசத் தொடங்கினால், பழைய பாத்திரக் கணக்கும் நகைக் கணக்கும் கூடவே வந்துவிடும்.

நந்திக்ராமத்தில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். துயரத்தால் மெலிந்து நின்ற கௌஸல்யையின் திருவடிகளைப் பற்றுகிறான் ராமன். பின்பு ஸுமித்ரையை வணங்கி, கைகேயியை வணங்குகிறான். அவள் என்ன சொன்னாள்? வால்மீகி அவளுக்கு அங்கே ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை. அழுதாள் என்றும் இல்லை, ஆசீர்வதித்தாள் என்றும் இல்லை. அவள் பெயரை அடுத்து, புகழுடையவள் என்று பொருள்படும் 'யசஸ்விநீ' என்ற அடைமொழியை மட்டும் வைத்தார். சந்தஸ்ஸை நிரப்ப வந்த சொல் என்பாரும் உளர். அடியேனுக்கு அப்படித் தோன்றுவதில்லை. ராமன் வணங்கும் கணத்திலன்றோ அந்தச் சொல் வந்து சேருகிறது! அதன்பின் மற்ற தாய்மாரையும் வணங்கி, வஸிஷ்டர் இருக்குமிடத்துக்குச் சென்றான்.