நீட்டிய உள்ளங்கை

ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. டெல்லிப் பனி விலகி மைதானத்தில் வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. டீச்சரைப் பார்க்க வரிசை நீளமாக இருந்ததால் பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டு நாங்கள் எல்லோரும் வெயில் காய்ந்துகொண்டிருந்தோம். என் பையன் இரண்டாம் வகுப்பு. அவன் என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர் பெஞ்சில் அவனுடைய நண்பனுக்கும் நண்பனின் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். அந்த அம்மாள் பையிலிருந்து கின்னோ ஆரஞ்சுப் பழங்களை எடுத்து உரித்து, இரண்டு பையன்களுக்கும் மாறி மாறிச் சுளை கொடுத்துக்கொண்டிருந்தார். பேச்சு முழுவதும் பக்கத்து பெஞ்சிலிருந்த வேறொரு அம்மாவுடன். வலது கை சுளையைக் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் இடது கை தானாக என் பையனின் வாய்க்குக் கீழே போய் விரிந்தது. அவன் குனிந்து அந்த உள்ளங்கையில் விதைகளைத் துப்பினான். அவர் அதைக் காகிதத்தில் உதறிவிட்டு மறுபடியும் நீட்டினார். அவர் அவனைப் பார்க்கவில்லை. அவனும் அவரைப் பார்க்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். டீச்சர் அன்று என்ன சொன்னார் என்று கேட்டால் பாதிக்கு மேல் நினைவில்லை. கணக்கு நன்றாகப் போடுகிறான், கையெழுத்தில் கவனம் வேண்டும் என்பது போல ஏதோ. அந்தக் கை மட்டும் அப்படியே இருக்கிறது. மருதாணி பாதி அழிந்த கை, விரலிடுக்கில் பழச்சாறு, நடுவில் ஈரமாக நாலைந்து விதைகள். அடுப்படியில் நிற்கும்போது வருகிறது. இரவில் விளக்கை அணைத்த பிறகு வருகிறது. கணவரிடம் சொன்னேன். "குழந்தை விதையைத் துப்பினதுக்கா இவ்வளவு யோசனை?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

கணவருக்கு பூசா வளாகத்தில் வேலை. வீடு கரோல் பாக்கில், டபிள்யூ.இ.ஏ. என்று எல்லோரும் சொல்லும் மேற்கு விரிவுப் பகுதியில், இரண்டாம் மாடி. பூசா என்பது உண்மையில் பீகாரில் இருக்கும் ஊர். அங்கிருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1934 பூகம்பத்தில் இடிந்துபோய், 1936-ல் டெல்லிக்கு இடம் மாறியபோது ஊர்ப் பெயரும் கூடவே வந்து, ஒரு சாலைக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த பூசா ரோட்டிலேயே ஒரு தமிழ்ப் பள்ளி இருக்கிறது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று. அந்தக் கழகம், வெள்ளைக்காரன் காலத்தில் தெற்கிலிருந்து குமாஸ்தாக்களாகவும் ஸ்டெனோகிராபர்களாகவும் வந்தவர்கள், தங்கள் பிள்ளைகள் எழுத்தை மறந்துவிடக் கூடாது என்று 1923-ல் மதராசி எஜுகேஷன் அசோசியேஷன் என்ற பெயரில் ஆரம்பித்தது. புது டெல்லி அப்போது கட்டி முடிந்திருக்கவில்லை. கோடையில் சர்க்காரே மூட்டை கட்டிக்கொண்டு சிம்லா போகும் காலம். வீடே நிலையில்லாத நாளில் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் ஒன்று வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வரும்.

ஆனாலும் பையனை நான் அங்கே சேர்க்கவில்லை. டெல்லியில் நர்சரி அட்மிஷனுக்கு வீட்டிலிருந்து பள்ளி எவ்வளவு பக்கம் என்பதற்கு மதிப்பெண் உண்டு. கூப்பிடு தூரத்திலிருந்த ஒரு தனியார் பள்ளியில் இடம் கிடைத்தது. எல்லோரும் அதைத்தான் காரணமாக நினைக்கிறார்கள். உள்ளபடி, ஊரோடு கலக்கட்டும் என்று சொன்னது நான். இந்த ஊருக்கு வந்த புதிதில் காய்கறிக்காரர் என்ன விலை சொன்னார் என்று புரியாமல் தெருவில் நின்ற நிலை அவனுக்கு வரக் கூடாது என்று நினைத்தேன். வகுப்பில் யாரும் அவனை "மதராசி" என்று தனியாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அவன் இங்கே வேற்றாளாக இருக்கக் கூடாது என்பதுதான் என் வேண்டுதல். அது பலித்து, ஒரு கை நிறைய விதையாக எதிர் பெஞ்சில் இருந்தது. பார்த்ததும் ஏன் எனக்கு வயிற்றைப் பிசைந்தது?

எங்கள் வீட்டில் எச்சில் என்பது சின்ன விஷயமில்லை. மாயவரத்தில் பாட்டி இருந்தவரை டம்ளரை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். கடித்த பழத்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. அம்மா மட்டும் விலக்கு. பெற்றவள் பிள்ளையின் மூக்கைச் சிந்திவிடலாம், மிச்சத்தைச் சாப்பிடலாம், துப்பக் கையை நீட்டலாம். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லித் தரவில்லை. ஆனால் இந்த உரிமை எனக்கு மட்டும்தான் என்று உள்ளே எங்கேயோ எழுதி வைத்திருந்திருக்கிறேன். அன்றைக்கு அதை வேறொருவர், அதுவும் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், சர்வ சாதாரணமாக எடுத்துக்கொண்டார்.

இப்படி எழுதும்போதே மாயவரத்துப் பட்டமங்கலத் தெரு நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு அடகுக் கடை. சேட்டு கடை என்போம். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் அப்படி ஒன்று இருக்கும். ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பம். அந்த வீட்டுப் பையன் எங்கள் வகுப்பு. தமிழ் மீடியம். திருக்குறளை எங்களைவிட வேகமாக ஒப்பிப்பான். எங்கள் ஊர் இழுவையோடுதான் பேசுவான். அவனுக்கு வேறு ஒரு மொழி இருக்கிறது என்பதே எங்களுக்கு எப்போதாவதுதான் நினைவு வரும். பொங்கலுக்கு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவான். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து கரும்பு கடிப்போம். சக்கையைத் துப்ப அம்மா ஒரு முறத்தை நீட்டிக்கொண்டே வருவாள். எனக்கு, அண்ணனுக்கு, அவனுக்கு. அவன் மோவாயில் வழியும் சாற்றை முந்தானையால் துடைத்துவிடுவாள்.

ஒரு பொங்கலன்று அவனைக் கூப்பிட அவன் அம்மா வந்து வாசலில் நின்றார். முக்காடு போட்டிருந்தார். தங்கள் பேச்சில் ஏதோ சொன்னார். அவன் கரும்பை வாயில் வைத்துக்கொண்டே, "வரேம்மா, போ" என்று தமிழில் பதில் சொன்னான். எங்களுக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை. அந்த அம்மாள் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். என்ன பார்த்துக்கொண்டு நின்றார் என்பதுதான் இப்போது என் கேள்வி. முறத்தையா, அம்மாவின் முந்தானையையா? முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். முக்காடுதான் வருகிறது. அவர் சந்தோஷப்பட்டிருக்கலாம். பிள்ளைக்கு இந்த ஊரில் ஒரு திண்ணை கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகத் திரும்பிப் போயிருக்கலாம். எனக்குத் தெரிய வழியில்லை.

மாயவரம் என்றதும் உ.வே.சா. வருகிறார். அவருடைய 'என் சரித்திரம்' படித்துப் பல வருஷமாகிறது. தமிழுக்காக அவர் பட்ட பாடெல்லாம் அப்போது பெரிதாகத் தெரிந்தது. இப்போது மனசு அவருடைய அப்பாவின் பின்னால் போகிறது. பிள்ளைக்கு நல்ல வாத்தியார் வேண்டும் என்று அரியலூர், குன்னம் என்று குடும்பத்தோடு ஊர் ஊராக மாறியவர் வேங்கடசுப்பையர். கடைசியில் 1871-ல் மாயவரத்துக்குக் கூட்டிவந்து மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தார். அந்த அப்பா சங்கீதக்காரர், கனம் கிருஷ்ணையரிடம் கற்றவர். மகனும் பாட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மாயவரத்தில் அப்போது நந்தனார் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியே இருந்தார். அவரிடம் சங்கீதப் பாடமும் தொடங்கியது. பிள்ளையவர்களுக்கு அதில் விருப்பமில்லை என்று தெரிந்ததும் சங்கீதம் நின்றுபோனது. பெயர்கூட மாறியது. வேங்கடராமன் என்ற பெயரைவிட வீட்டில் கூப்பிடும் சாமிநாதன் நன்றாக இருக்கிறது என்று ஆசிரியர் விரும்ப, அதுவே உலகத்துக்குத் தெரிந்த பெயராயிற்று.

படித்தபோது இதெல்லாம் குரு பக்தியாகப் பட்டது. இன்று அந்த அப்பாவின் இடத்தில் நின்று பார்க்கிறேன். ஊர் ஊராக அலைந்து, தேடி, தன் கையாலேயே பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். கொடுத்த பிறகு தான் வைத்த பெயர் போகிறது, தன் சங்கீதம் போகிறது. அவர் கேட்டது கிடைத்தது, அதுவும் தமிழுக்கே ஒரு பேறாகக் கிடைத்தது. ஆனாலும் ஒரு நாள் ராத்திரியாவது அவருக்கு அந்தப் பாட்டு நினைவுக்கு வந்து தொண்டையை அடைத்திருக்காதா? என் ஏழு வயதுப் பையனையும் உ.வே.சா.வையும் சேர்த்துப் பேசுவது அதிகம்தான். இருந்தாலும் அப்பா அம்மாக்கள் படுவது பிள்ளையின் பெருமைக்குத் தகுந்தாற்போல மாறுவதாக எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளை வெளியூரில் கரைந்துவிடக் கூடாது என்று பயந்தவர்கள் டெல்லித் தமிழர்கள் மட்டுமில்லை. கொடைக்கானலில் 1901-ல் அமெரிக்கப் பாதிரிமார் தங்கள் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார்கள். ஹைகிளர்க் என்று பெயர். இப்போது கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி என்றால் எல்லோருக்கும் தெரியும். மதுரைப் பக்கத்து வெயிலில் ஊழியம் செய்தவர்கள், பிள்ளைகளை மலைமேல் அமெரிக்கப் பாடத்தோடு வைத்துக்கொண்டார்கள். என்றைக்காவது திரும்பிப் போகும்போது அந்தப் பிள்ளைகளுக்கு அமெரிக்கா அந்நியமாகிவிடக் கூடாதல்லவா? ஆனால் மலைக்குப் போகும் வயது வரைக்கும் சமவெளியில் ஆயாதான் வளர்த்திருப்பாள். துப்பு என்று சொல்லி வாய்க்கு நேரே கையை நீட்டியவள் அவளாகத்தான் இருந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கட்டலாம். அந்தக் கை அதற்கு முன்பே வந்துவிடுகிறது. 1950-களில் ரூத் யூசீம் என்ற அமெரிக்க சமூகவியலாளர் இந்தியாவில் வாழ்ந்த தன் நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்துதான், இப்படிப்பட்ட பிள்ளைகளை அப்பா அம்மாவின் பண்பாடும் வாழும் ஊரின் பண்பாடும் இல்லாத மூன்றாவது பண்பாட்டில் வளர்பவர்கள் என்றார். பெரிய சிந்தனைதான். ஆனால் பிள்ளை மூன்றாவதில் வளரும்போது முதலாவதில் நிற்கும் அம்மா என்ன செய்ய வேண்டும் என்பதுதான் என் கவலை.

வாழும் ஊரின் பண்பாடு என்கிறோம். ஆனால் இந்தக் கரோல் பாக்கில் வேர்விட்டவர்கள் யார் என்று கேட்டால் அதுவும் சிக்கல். அஜ்மல் கான் ரோடு ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரில் இருக்கிறது. அவர் கட்டிய திப்பியா கல்லூரியை 1921-ல் காந்தி திறந்து வைத்தார். 1947-ல் இங்கிருந்த முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். டெல்லிக்கு மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் அகதிகள் வந்தார்கள். பழம் உரித்துக் கொடுத்த அந்த அம்மாளின் மாமியார் வீட்டார் லாயல்பூரிலிருந்து வந்தவர்களாம். முன்பு ஒரு நாள் கேட் அருகில் நிற்கும்போது சொன்னார். நான் அவரை இந்த ஊர்க்காரர் என்றுதான் வைத்திருந்தேன். இழந்து வந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டதால்தான் அந்தக் கை யார் பிள்ளைக்கும் விரிகிறது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இருக்க வேண்டியதில்லை. அவர் சுபாவமே அப்படி இருக்கலாம். எங்கள் அம்மா எந்த ஊரையும் இழந்தவளில்லை. அவளும் முறத்தை நீட்டினாள்.

இரண்டு மூன்று நாள் பொறுத்து, தூங்கப்போகும்போது அவனிடமே கேட்டுவிட்டேன்.

"ஏன்டா கண்ணா, அன்னிக்கு ஆன்ட்டி கையில விதையைத் துப்பினியே?"

"ஆமா."

"ஏன் துப்பினே?"

"அவங்க கையை நீட்டினாங்க."

"என் கையில நீ துப்பினதே இல்லையே."

கொஞ்சம் யோசித்தான். "நீதான் விதையை எடுத்துட்டுத் தர்றியேம்மா" என்றான். திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டான்.

உண்மைதான். நாரைக் கிள்ளி, விதையை நீக்கி, சுளையைச் சுத்தம் செய்துதான் கொடுக்கிறேன். இரண்டு விதமான அன்பு என்று இதைப் பிரித்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன். ஆறவில்லை. அவன் சொன்ன காரணம் விதைக்குச் சரியாகப் பொருந்துகிறது. அந்தக் கை வரும் என்று பார்க்காமலே அவனுக்குத் தெரிந்திருந்ததே, அதற்கு இந்தக் காரணம் போதவில்லை.

மேல்மாடி மாமி கல்யாணமாகி டெல்லிக்கு வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருடைய பிள்ளைகள் மூன்று பேரும் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். இன்றும் தமிழில் சுத்தமாகக் கடிதம் எழுதுவார்களாம். "ஏப்ரல்ல புது கிளாஸ் ஆரம்பிச்சுடும். மாத்தறதா இருந்தா இப்பவே போய்ப் பாருங்கோ" என்று நேற்றும் படியில் நிறுத்திச் சொன்னார். சொல்லிவிட்டு, கேட்காமலே ஒன்றையும் சேர்த்தார்: "பெரியவனுக்குக் கோபம் வந்தா மட்டும் இந்தியிலதான் சண்டை போடுவான். எங்கேர்ந்து வந்ததோ."

தமிழ்ப் பள்ளிக்கு மாற்றினால் பையன் தமிழில் எழுதுவான், பாட்டிக்குக் கடிதம் போடுவான். அது சின்ன லாபமில்லை. இந்தப் பிள்ளைகளுக்காகவே நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் பாடுபட்டுத் தொடங்கிய கழகத்தின் பள்ளி அது. மாற்றினால் அந்த நண்பனையும் அவன் அம்மாவையும் தினமும் பார்க்க மாட்டான் என்பதும் இருக்கிறது. அந்த நினைப்பில் எனக்கு வருத்தம் வருகிறதா, நிம்மதி வருகிறதா என்று பார்த்தால் இரண்டும் வருகின்றன. நான் காப்பாற்ற நினைப்பது அவனுடைய தமிழையா, அவன் மேல் எனக்கு இருப்பதாக நான் நம்பும் பாத்தியதையையா என்று பிரிக்கத் தெரியாமல் இந்த முடிவை எடுக்கவும் பயமாக இருக்கிறது. கணவர் என் இஷ்டம் என்கிறார். மாமிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.