ஊசி யார் கையில்?

பச்சை குத்துவதைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. நாகரிகம் தெரியாத சனங்களின் பழக்கம், விட்டுத்தொலைக்க வேண்டியது என்பது ஒன்று. பழங்குடிகளின் ஆதி ஞானம் என்று கொண்டாடி, இந்தப் புள்ளிக்கு இது பொருள், இந்தக் கோட்டுக்கு அது பொருள் என்று அகராதி போடுவது இன்னொன்று. முன்னது ஏளனம். பின்னது மரியாதை மாதிரித் தெரிகிறது. ஆனால் இரண்டு பேருமே குத்திக்கொண்டவளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

வடக்குத்துப் பக்கத்து ஊர்களில் வயதான அம்மாக்களின் முன்கையைப் பார்த்தால் புள்ளிக்கோலம் இருக்கும், தேள் இருக்கும், தேர் இருக்கும். "இதுக்கு இன்னா அர்த்தம் ஆயா?" என்று கேட்டுப் பாருங்கள். "அழகுக்குத்தான், வேற இன்னா" என்பார்கள். கொஞ்சம் பொறுத்து அடுத்த பேச்சு வரும்: "நகை நட்டுன்னா அடவுக்குப் பூடும். இது எங்க போவும்? செத்தா கூடவே வரும்." 1956இல் நெய்வேலி நிறுவனம் வந்தது. சுரங்கத்துக்காக ஊர் ஊராக நிலம் எடுத்தார்கள். வீடு போச்சு, பனை போச்சு, சாமி இருந்த இடமும் குழியாச்சு. தோலில் இருந்ததை மட்டும் எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் எழுதி வாங்க முடியவில்லை.

இதே பேச்சைத்தான் மத்திய இந்தியாவின் பைகா பெண்களும் பேசுகிறார்கள். வெரியர் எல்வின் 1939இல் பைகாக்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். நெற்றியில் தொடங்கி முதுகு, தொடை என்று வயதுக்கு வயது உடம்பில் ஏறும் பச்சை அவர்களுடையது. மற்ற நகையெல்லாம் மண்ணோடு நின்றுவிடும், இது மட்டும் கூட வரும் என்பதே அவர்கள் நம்பிக்கையும். காடு வேறு, மொழி வேறு, சொல் மட்டும் ஒன்று. ஏன்?

1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்ததை ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது என்பது அதில் ஒன்று. இப்படிப்பட்ட தடையால்தான் பச்சை பிறந்தது என்று சொல்ல வரவில்லை. நீலகிரித் தோடர் பெண்களும் தோளிலும் மார்பிலும் புள்ளியும் வளையமுமாகக் குத்திக்கொண்டவர்கள்தான். ஆனால் பிடுங்கப்படும் பயம் இருக்கிற இடத்தில் அதே புள்ளிக்கு எடை கூடிவிடுகிறது. பொருள் கோலத்துக்குள் இல்லை, அது இருக்கும் உடம்பின் வரலாற்றில் இருக்கிறது. அகராதிக்காரர்கள் தவறவிடுவது இதைத்தான்.

சத்தீஸ்கரின் ராம்நாமிகளைப் பாருங்கள். சமார் என்று ஒதுக்கப்பட்டவர்கள். கோவிலுக்குள் விடாதபோது, 1890களில் தொடங்கி, ராமன் பெயரை உடம்பெல்லாம் குத்திக்கொண்டார்கள். நீ பூட்டி வைத்த பெயர் இதோ என் கண்ணிமையில் இருக்கிறது, வந்து அழி பார்க்கலாம் என்பதுபோல. ஆண்டையின் கடவுளைச் சுமப்பது விடுதலையா என்று நம்மில் பலர் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான். தங்கள் ராமன் தசரதன் மகன் இல்லை, உருவமற்றவன் என்கிறார்கள் அவர்கள். அந்தப் பதிலையும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

இனி மறுபக்கம். 1797இல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் விதி போட்டு, ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தியது. 1849 வரை இது சட்டம். கைதிகள் தலைப்பாகையை இறக்கிக் கட்டி மறைத்தார்கள். பெண்கள் ஆசையாகக் குத்திக்கொள்வதற்கும் இதற்கும் வடநாட்டில் ஒரே பெயர்: கோத்னா. வெள்ளைக்காரன் போனதும் முடிந்ததா? 1993 டிசம்பரில் அமிர்தசரஸ் போலீஸ் நான்கு பெண்களின் நெற்றியில் 'ஜேப்கத்ரி', அதாவது பிக்பாக்கெட் என்று பச்சை குத்தியது. அந்தப் போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைக்க 2016 ஆனது.

நம் ஊர்களில் பச்சை குத்தியவர்கள் குறவர் பெண்கள். மஞ்சளையும் அகத்திக்கீரையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெரித்துச் சட்டியில் கரி பிடித்து, தாய்ப்பாலில் குழைப்பார்கள் என்று எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். கூலி அரிசியும் வெற்றிலையும். ஊர்ப்பெண்களுக்கு அழியாத அழகைத் தந்த இந்தச் சனத்தைத்தான் 1911இன் குற்றப்பரம்பரைச் சட்டம் பிடித்துவைத்துக் கைரேகை எடுத்தது. அடையாளம் கொடுத்தவர்களுக்கு அரசு கொடுத்த அடையாளம் இது.

ஆக, ஊசி யார் கையில் என்பதுதான் கேள்வியா? அரசின் கையில் இருந்தால் கொடுமை, நம் கையில் இருந்தால் விடுதலை என்று முடித்துவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. எட்டு வயசுப் பிள்ளையை அம்மாவும் அத்தையும் அமுக்கிப் பிடிக்க, அது கத்தக் கத்தத்தான் குத்தினார்கள். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் கையில் அந்தப் பெயரைக் குத்தியதும் நம் வீடுகளில்தான். அருணாசலப் பிரதேசத்தில் அபதானிப் பெண்களின் முகப்பச்சை 1970களில் நின்றுபோனது. படிக்கவும் வேலைக்கும் வெளியே போன இளையவர்களை ஊரார் வெறித்துப் பார்த்ததால், அவர்களே வேண்டாமென்றார்கள். கலாச்சாரம் அழிகிறதே என்று நகரத்தில் உட்கார்ந்து புலம்ப நமக்கு என்ன உரிமை? முகம் அவர்களுடையது.

இன்று நம் பிள்ளைகள் நெஞ்சில் அம்பேத்கரைக் குத்திக்கொள்கிறார்கள். ஆதிக்கசாதிப் பிள்ளைகளும் தங்கள் சாதிப் பெயரைக் கையில் குத்திக்கொள்கிறார்கள். இரண்டும் சொந்த விருப்பம், சொந்தக் காசு. அதனால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? ஒன்று, நானும் மனுசன் என்கிறது. மற்றது, நீ மனுசன் இல்லை என்கிறது. ஊசி யார் கையில் என்பதோடு, குத்திய கை யாருக்கு எதிராக நீள்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது. குத்திக்கோ என்று கையை நீட்டுகிறவளுக்கு இருக்கும் உரிமை, வேணாம் என்று கையை இழுத்துக்கொள்கிறவளுக்கும் நம் சேரியில், நம் வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால், அடையாளம் என்று நாம் பேசுவதெல்லாம் இன்னொருவர் உடம்பில் நாம் போடும் கையெழுத்துதான்.