அயலார் சபையில் ஒரு கவிஞனின் பெயர்

சென்ற தவணையில் ஒருநாள் பத்தாந் தரப் பிள்ளைகளுக்குக் குடியியற் கல்வி படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாராளுமன்றம் என்றால் என்ன, அதற்கு ஆட்களை அனுப்புவது யார் என்று சொல்லிக்கொண்டு போனவன், பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். இருபத்தேழு நாடுகளுக்குப் பொதுவாக ஒரு பாராளுமன்றம் இருக்கிறது, பிரான்சிலுள்ள ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் அது கூடுகிறது, 2021ஆம் ஆண்டில் அது நம் நாட்டைப் பற்றி ஒரு தீர்மானம் எடுத்தது என்றேன். முன்வாங்கிலிருந்த ஒரு பிள்ளை எழும்பியது.

"சேர், அவங்களுக்கு நாங்க வோட்டுப் போடல்லயே. பிறகு என்னத்துக்கு அவங்க எங்கட விசயத்தக் கதைக்கிற?"

மணி அடித்துவிட்டதால் தப்பித்தேன். ஆனால் அன்று கந்தளாய்க் குளக்கட்டு வழியாக சைக்கிளில் வீடு திரும்பும்போது அந்தக் கேள்வி பின்னாலேயே வந்தது.

கேள்வியின் கனத்தை வாசகர்கள் உணர்வதற்கு அந்தத் தீர்மானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2021 ஜூன் 10ஆம் திகதி ஐரோப்பியப் பாராளுமன்றம் இலங்கை நிலைமை பற்றி வாக்கெடுத்தது. ஆதரவாக 628 பேர், எதிராக 15 பேர், வாக்களிக்காமல் 40 பேர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்க வேண்டும் என்று அது கேட்டது. ஜிஎஸ்பி பிளஸ் எனப்படும் வரிச் சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி ஐரோப்பிய ஆணைக்குழு ஆராய வேண்டும் என்றும் கேட்டது. அந்தச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர்களில் சிலரின் பெயர்களையும் சொன்னது. ஒருவர் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ். மற்றவர் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம்.

அஹ்னாபை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 'நவரசம்' என்ற கவிதை நூலைக் காரணங்காட்டி 2020 மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இத்தனையும் தமிழில் எழுதிய ஒரு சிறிய நூலுக்காக. ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் அலுவல் மொழிகள் இருபத்துநான்கு. தமிழ் அவற்றில் இல்லை. மோல்டாவின் மொழியிலும் எஸ்தோனியாவின் மொழியிலும் அந்தப் பெயர் பதியப்பட்டது. அந்தக் கவிதைகளை நேரே வாசிக்கக்கூடிய நாம் என்ன செய்தோம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு தற்செயலையும் சொல்லத் தோன்றுகிறது. ஐரோப்பிய மக்கள் தம் பாராளுமன்றத்துக்கு முதன்முதலாக நேரடியாக வாக்களித்தது 1979 ஜூனில். அடுத்த மாதம், 1979 ஜூலையில், நம் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. மூன்று வருடங்களுக்கான தற்காலிக ஏற்பாடு என்றுதான் அன்று சொன்னார்கள். 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது.

சரி, அவர்களுக்கு என்ன உரித்து? சட்டப்படி பார்த்தால் அந்தத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. வெளிநாட்டுக் கொள்கையில் ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் கை கட்டைதான். அங்கே முடிவெடுப்பவை உறுப்பு நாடுகளின் அரசாங்கங்கள். பாராளுமன்றம் வரவு செலவில் கை வைக்கலாம், சர்வதேச உடன்படிக்கைகளுக்குச் சம்மதம் தரலாம், தராமலும் விடலாம். மற்றப்படி அதன் ஆயுதம் பேச்சு. பேசுவதற்கு யாருடைய உரித்தும் வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பிள்ளை சட்டத்தைக் கேட்கவில்லை, நியாயத்தைக் கேட்டது.

இந்த ஊரில் பிறந்தவனுக்கு வேறொரு ஞாபகமும் உண்டு. 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளம் உடைத்தபோது எனக்கு ஆறு வயதிருக்கும். நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைத் தண்ணீர் கொண்டுபோனது. பிறகு எங்கெங்கிருந்தோ அரிசியும் துணியும் வந்தன. எந்த ஊர், எந்த இனம், யார் அனுப்பியது என்று உம்மா கேட்டதாக ஞாபகமில்லை. பானையை அடுப்பில் வைத்தா, அவ்வளவுதான். அரிசிக்குக் கேட்காத கேள்வியை நீதிக்கு மட்டும் ஏன் கேட்கிறோம்? 2020, 2021இல் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட நாட்களில் வெளிநாடுகளிலிருந்து குரல் வராதா என்று ஏங்கியவர்கள்தானே நாம். 2021 பெப்ரவரி இறுதியில் அடக்க அனுமதி வந்தபோது, வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்தவர்கள் யார் யார் என்று பெயர் சொல்லி துஆ செய்தோம். நமக்கு வேண்டும்போது மனிதாபிமானம், வேண்டாதபோது தலையீடு. இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

ஹில்புல் புளூலை நினைத்துக்கொள்கிறேன். நபிகளாருக்கு நுபுவ்வத் கிடைப்பதற்கு முந்திய காலம். யெமன் நாட்டு ஸபீதிலிருந்து மக்காவுக்குச் சரக்குக் கொண்டுவந்த ஒரு வியாபாரிக்கு ஆஸ் பின் வாயில் பணம் கொடுக்காமல் இழுத்தடித்தான். வியாபாரிக்கு மக்காவில் கோத்திரமும் இல்லை, சொந்தமும் இல்லை. அபூகுபைஸ் மலையில் ஏறி நின்று சத்தமிட்டு முறையிட்டார். அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் வீட்டில் சிலர் கூடி, அநியாயம் செய்யப்பட்டவன் ஊராளாயினும் அயலூரானாயினும் அவன் பக்கம் நிற்பதென்று உடன்படிக்கை செய்தார்கள். அதில் கலந்துகொண்ட இளைஞர்களில் ஒருவர் நபிகளார். இஸ்லாம் வந்த பிறகும் அப்படியொன்றுக்கு அழைக்கப்பட்டால் போவேன் என்ற கருத்தில் அவர்கள் சொன்னதை மிம்பர்களில் கேட்டிருக்கிறோம். அந்த வியாபாரிக்கு மக்காவில் வாக்குரிமை இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

இங்கே நிறுத்திக்கொண்டால் என் கட்டுரை லேசாக முடிந்துவிடும். என்னிடம் படித்து, இப்போது ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் அதற்கு விடமாட்டாள். பெருநாளுக்கு வந்தவளிடம் தீர்மானத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அந்த நானாவ வெளிய விடச் சொன்னது நல்லந்தான் சேர். அதுக்கு எங்கட வேலயில ஏன் கை வைக்கணும்? நாங்களா அவரப் புடிச்ச?"

அவள் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 2005இல் சுனாமிக்குப் பின் கிடைத்த ஜிஎஸ்பி பிளஸ், மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரியாக நிறைவேற்றவில்லை என்ற காரணத்தால் 2010 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. 2017 மே மாதத்தில்தான் திரும்பக் கிடைத்தது. இருபத்தேழு சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதுதான் சலுகைக்கான நிபந்தனை. கையொப்பமிட்டவர்கள் ஆட்சியாளர்கள். சலுகை போனால் இராத்தூக்கமில்லாமல் தைக்கும் பெண்ணின் சம்பளத்தில்தான் முதலில் கை விழும், அமைச்சரின் வாகனத்தில் அல்ல. ஹில்புல் புளூல்காரர்கள் நேரே ஆஸின் வீட்டுக்குப் போய்ச் சரக்கை மீட்டுக் கொடுத்தார்கள். ஆஸின் வீட்டு வேலைக்காரியைப் பட்டினி போட்டு அவனை வழிக்குக் கொண்டுவரப் பார்க்கவில்லை.

சலுகை 2021இல் நிறுத்தப்படவில்லை. தீர்மானத்தின் பின் 2022 மார்ச்சில் சட்டம் திருத்தப்பட்டு, தடுப்புக் காவலின் உச்சகாலம் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தது. மிரட்டல் இல்லாவிட்டால் அதுவும் நடந்திருக்குமா என்று ஒரு நண்பர் கேட்டார். நடந்திராமல் இருந்திருக்கலாம். ஆயினும், ஒருவனை விடுவிக்க இன்னொருத்தியைப் பணயமாக வைப்பது சரியா என்ற கேள்வி பலன் கிடைத்ததால் தீர்ந்துவிடாது. சொல்வதை நான் ஆதரிக்கிறேன். சொல்லுக்குப் பின்னால் அவளது அடுப்பைப் பிணை வைப்பதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. அவளிடமும் இதைத்தான் சொன்னேன். அவளுக்குத் திருப்தியில்லை.

அடுத்தது கஸ்ஸா. இதைச் சொல்லாமல் இந்தச் சஞ்சிகையில் ஐரோப்பாவைப் பற்றி எழுத முடியாது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த சில நாட்களில், 2022 மார்ச் 1ஆம் திகதி, இதே சபை 637 வாக்குகளால் கண்டித்தது. எதிர்த்தவர்கள் வெறும் 13 பேர். கஸ்ஸாவில் நிரந்தரப் போர்நிறுத்தம் வேண்டுமென்று கேட்க அதற்கு 2024 ஜனவரி 18 வரை சென்றது. அதுவும் பணயக் கைதிகள் விடுவிக்கப்பட வேண்டும், ஹமாஸ் கலைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. வாக்குகள் 312க்கு 131. அதற்குள் எத்தனை குழந்தைகளைக் கபனிட்டிருந்தார்கள்.

இந்த இரட்டை அளவைப் பார்த்துவிட்டு, அஹ்னாபுக்காக அவர்கள் சொன்னதும் பொய்தான் என்று சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வழக்கில் உண்மை சொன்ன சாட்சி, இன்னொரு வழக்கில் வாய் மூடியிருந்தால் முதல் சாட்சியம் பொய்யாகிவிடாது. இரண்டாவது வழக்கில் அவன் குற்றவாளி, அவ்வளவே. தமக்கும் பெற்றோருக்கும் எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்ற கருத்தை அந்நிஸா அத்தியாயத்தில் ஓதுகிறவர்கள் நாம். அந்த அளவுகோலால் ஐரோப்பாவை அளக்கலாம். அளந்துவிட்டு அதை அலுமாரியில் பூட்டிவிடக் கூடாது.

என் அளவை இப்போது சொல்கிறேன். அந்தப் பாராளுமன்றத்துக்கு வானத்திலிருந்து வஹீ இறங்குவதில்லை. எங்கோ ஒரு சிறையிலிருக்கும் கவிஞனின் பெயர் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் யாராவது எழுத வேண்டும், மொழிபெயர்க்க வேண்டும், உறுப்பினர்களின் கதவைத் தட்ட வேண்டும். ஐரோப்பியப் பிரஜைகளுக்கு மனுக் கொடுக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நம்மிடம் இருப்பது கடிதமும் கையொப்பமும்தான். தேர்தல்களைப் பார்வையிடவும் அந்தச் சபையின் உறுப்பினர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். 2001இல் ஜோன் குஷ்னஹன் தலைமையில் வந்தார்கள். அந்தத் தேர்தலில்தான் நான் முதன்முதலாக வாக்களித்தேன். வெள்ளைக்காரர்கள் வந்து குறிப்பெடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதில் வரிசையில் நின்ற எங்களுக்கு ஒரு தைரியம். நம்மவர் எவராவது அவர்களிடம் வாய் திறந்தாரா என்றால், இல்லை.

2020 முடிவில் வேறொரு ஊரிலிருந்து என் நண்பர் ஒருவர் கடிதமொன்று அனுப்பியிருந்தார். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்தவர். கவிஞரை விடுதலை செய்யுமாறு எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து கேட்கும் கடிதம் அது. கையொப்பம் மட்டும் போதும் என்றார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் வீட்டுப் புத்தக அலுமாரிகள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். நானும் ஒரு சாக்கு நிறையப் புத்தகங்களை வளவின் பின்புறம் புதைத்தவன். தமிழ்க் கவிதை நூல்களும் அதற்குள் இருந்தன. அரசாங்க உத்தியோகம், இரண்டு பிள்ளைகள். "பாப்பம் நானா" என்று சொன்னேன். பிறகு அவர் கேட்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

ஆறு மாதங்களின் பின், அவரது ஒரு வரியைக்கூட வாசித்திராத 628 பேர் கையுயர்த்திய செய்தியைப் பத்திரிகையில் பார்த்தேன். நல்ல செய்தி என்று வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

அந்தப் பிள்ளைக்கு அடுத்த வாரம் வகுப்பில் ஹில்புல் புளூலைச் சொன்னேன், தையல் வேலை செய்யும் பெண்ணின் கேள்வியையும் சொன்னேன். கையொப்பத்தின் கதையைச் சொல்லவில்லை. சாக்கை இந்த விடுமுறையில் தோண்டிப் பார்த்தேன். அரைவாசி கறையானுக்குப் போய்விட்டது. மிஞ்சியவற்றைத் திண்ணையில் காயப் போட்டுவிட்டு நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.