எறும்புக்கு அளந்தது யார்?

தளவாய்புரம் என்ற ஊரை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் வீட்டுக் கொடியில் காய்கிற நைட்டிக்குத் தெரிந்திருக்கும். ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு தையல் மிஷின் சத்தம்தான். ஒருவர் துணி வெட்ட, ஒருவர் தைக்க, ஒருவர் காஜா எடுக்க, இன்னொருவர் பிசிறு நறுக்க... துணி கை மாறிக்கொண்டே இருக்கும். கூலி பீஸ் கணக்கு. மிஷின் ஓடினால் காசு, நின்றால் இல்லை.

அங்கே ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

''2020 ஊரடங்கை எப்படிம்மா சமாளிச்சீங்க?''

''படியளக்கிறவன் அளந்தான் தம்பி'' என்றார், தைப்பதை நிறுத்தாமலே.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், எனக்கு உறுத்தியது. இதே வார்த்தையை நான் சொன்னால் அதற்குப் பெயர் நம்பிக்கையா? மாசம் பிறந்தால் வங்கியில் சம்பளம் விழுகிறது. எனக்கும் கவலைகள் உண்டு. எல்லாம் அடுத்த வருஷத்துக் கவலைகள். நாளைக் காலை உலையில் என்ன போடுவது என்று நான் ஒருநாள்கூட யோசித்ததில்லை. நீங்களும் அநேகமாக அப்படித்தான். அன்றாடச் சோற்றுக்குக் கடவுளை நம்ப வேண்டிய அவசியமே நமக்கு வந்ததில்லை சாமி!

மதுரைக்காரர்களுக்கு இந்தப் 'படியளக்கிற' கதை தெரியும். எல்லா உயிருக்கும் சிவன் படியளக்கிறாரா என்று பார்வதிக்குச் சந்தேகம். ஓர் எறும்பைப் பிடித்துச் சிமிழில் போட்டு மூடிவிட்டாள். பிறகு திறந்து பார்த்தால், எறும்போடு ஓர் அரிசியும் இருக்கிறது! ஒவ்வொரு மார்கழியிலும் அஷ்டமி சப்பரத்தன்று மீனாட்சியும் சொக்கநாதரும் வீதியுலா வருகிறார்கள். தெருவில் அரிசி தூவப்படுகிறது. ஜனங்கள் அதைப் பொறுக்கி எடுத்துப் போய் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள்.

சின்ன வயதிலிருந்து கேட்கிற கதை. ஒரு விஷயம் இப்போதுதான் எனக்கு உறைத்தது. அது சோம்பேறி எறும்பு இல்லை. வெளியே விட்டிருந்தால் தன் அரிசியைத் தானே தேடியிருக்கும். வழியை அடைத்தது வேறொருவர். 2020 மார்ச் கடைசியில் தறியும் தையலும் நின்றபோது, பீஸ் கூலிக்காரர்கள் எல்லோரும் சிமிழுக்குள் இருந்த எறும்புகள்தானே?

களக்காடு பக்கம் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் இருந்தார். 1901-ல் தொடங்கி, 1951-ல் இறக்கும்வரை ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்தார். பணத்துக்காக எந்த மனிதரிடமும் கை நீட்டுவதில்லை. தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொல்வது என்பது அவருடைய கொள்கை. பணம் வந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. அவர் புத்தகம் புத்தகமாக எழுதினார். கடல் கடந்து அவற்றைப் படித்தவர்களுக்கு அந்தக் குழந்தைகளின் முகம் தெரிந்தது. இதைச் சொல்வதால் அவருடைய ஜெபம் சின்னதாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. கடவுள் அனுப்பினார் என்றே வைத்துக்கொள்வோம். அனுப்பியது யார் சட்டைப் பையிலிருந்து?

அந்த அம்மையார் பிறந்த அதே 1867-ல்தான் வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கினார். அவரைவிடக் கடவுளை நம்பியவர் யார்? பசி என்று வந்தவனிடம், 'ஆண்டவன் பார்த்துப்பான், போய் வா' என்று அவர் சொல்லவில்லை. அடுப்பைப் பற்றவைத்தார். அது இன்றுவரை அணையவில்லை.

நம் ஆட்கள் தடுமாறுகிற இடம் இதுதான். என் பசிக்கு, 'கடவுள் தருவார்' என்று நான் காத்திருந்தால் அது பக்தி. பக்கத்து வீட்டுக்காரன் பசிக்கு அதையே சொல்லிவிட்டு நான் கதவைச் சாத்தினால்? வேலைக்கார அம்மாவின் கூலியைப் பிடித்துக்கொண்டு, 'உனக்குக் கடவுள் ஒரு வழி காட்டுவாரு' என்று சொன்ன ஒரு பெரிய மனிதரை எனக்குத் தெரியும். நெற்றி நிறைய விபூதி வேறு.

தளவாய்புரம் அம்மாவிடம் விடாமல் கேட்டேன். ''படியளந்தான்னா... எப்படிம்மா?''

இப்போது மிஷினை நிறுத்தினார். ''ரேஷன்ல அரிசியும் ஆயிரம் ரூபாயும் குடுத்தாக. அது எத்தனை நாளைக்கு? அப்புறம் முக்குக்கடை அண்ணாச்சிதான் பற்று எழுதிக்கிட்டாரு. பருப்பு, எண்ணெய், சோப்பு... போகும்போதெல்லாம் எழுதிக்கிட்டாரு. அவருக்கு மட்டும் யாவாரமா நடந்துச்சு, பாவம்.''

காமர்ஸ் படித்தவன் புத்தி, சும்மா இருக்குமா? ''திருப்பிக் குடுத்தீங்களா?''

''குடுக்காம? வேலை ஆரம்பிச்சதும் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தேன். தீபாவளிக்கு முன்னாடி முடிச்சுட்டேன். கடைசி ஐம்பது ரூபாயை அவரு வாங்கல. புள்ளைகளுக்கு வெடி வாங்கிக் குடுன்னுட்டாரு.''

சொல்லிவிட்டு அடுத்த பீஸை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தார்.