சிரட்டையும் பேணியும்

சென்ற மாசி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு ஆகிய இரு தினங்களையும் தென்மராட்சியிலுள்ள ஒரு பனங்கூடலிற் கழித்தேன். நண்பர்கள் சிலர் கூடி அங்கு ஒரு பயிற்சி முகாமை ஒழுங்கு செய்திருந்தனர். ஓலை வெட்டி வார்தல், நீத்துப்பெட்டி இழைத்தல், நார் உரித்துக் கயிறு திரித்தல், கதியாலில் ஓலை வைத்து வேலி அடைத்தல், இறுதியில் தளைநார் மாட்டி ஓர் ஆள் உயரமாவது மரமேறிப் பார்த்தல் ஆகியவையே பாடங்கள். வந்திருந்தோர் இருபதின்மர்வரை: பல்கலைக்கழக மாணவர், என்னைப்போன்ற ஆசிரியர் சிலர், விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த இருவர். நான் சென்றமைக்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. அடுத்த முகாமுக்கு என் பத்தாம் வகுப்பு மாணவரை அழைத்து வருமாறு நண்பர்கள் கேட்டிருந்தார்கள். அழைத்துச் செல்லுதல் தகுமா என்பதை முதலில் நானே கண்டறிய விரும்பினேன். கேள்வி எளிதாய்த் தோன்றிற்று. இப்பொழுது அப்படித் தோன்றவில்லை, அதனாலேயே இக்கட்டுரை.

பனை நாட்டிலே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். பனையின் பயன்கள் 801 எனத் தால விலாசம் கூறுவதைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். ஆயினும் வெட்டி வீழ்த்திய ஓலைக் குவியலின் முன்னே நின்றபோது குருத்தோலை எது, சார்வோலை எது என்று பிரித்தறிய என்னால் இயலவில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றவன் நான். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த வரலாற்றை ஆண்டுதோறும் மாணவருக்குச் சொல்லி வருகிறேன். ஏட்டிலே எழுதப்பட்டதைக் கற்ற எனக்கு ஏடு தெரியாது. அந்த ஓலையை மரத்திலேறி வெட்டியவன் ஒருவன் இருந்திருப்பான் என்ற எண்ணமே அன்றுவரை எனக்கு எழுந்ததில்லை.

எமக்குக் கற்பித்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு சீவல் தொழிலாளி. ஐம்பது ஆண்டுகள் மரமேறியவர், இப்பொழுது ஏறுவதில்லை. அவரை எப்படி அழைப்பது என்பதே முதற் பிரச்சினையாயிற்று. எங்கள் பாட்டன்மார் இத்தகையவரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். எத்துணை முதியவராயினும் ‘நீ’ என்றார்கள். அவரிடமிருந்து ‘நயினார்’ என்ற விளியைப் பெற்றுக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் அந்தச் சொற்களைக் கைவிட்டோம். பதிலாக ஒன்றைத் தேடிக்கொள்ளவில்லை. காலை முழுவதும் மாணவர் எந்த முறையும் சொல்லாமல், ‘இதைக் கொஞ்சம் காட்ட முடியுமோ’ என்று காற்றை நோக்கிப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தனர். பின்னர் ஒரு மாணவி எவ்விதத் தயக்கமுமின்றி ‘அப்பு’ என்றாள். அதுவே நிலைத்தது.

பத்து மணிக்குத் தேநீர் வந்தது. பிளாஸ்டிக் குவளைகளைப் பயன்படுத்துவதில்லை என்பது முகாமின் விதி; நல்ல விதிதான். தேங்காய்ச் சிரட்டைகளைத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தோம். முதல்நாள் மாலை அவற்றைக் கழுவி அடுக்கியவன் நானே. எல்லோரும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். கனடாவிலிருந்து வந்தவர்கள் படமும் எடுத்துக்கொண்டார்கள். அப்பு தம் கையிலிருந்த சிரட்டையைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு அதை நிலத்திலே வைத்துவிட்டு, “மாஸ்டர், பேணி ஒண்டு கிடந்தால் அதிலை தாங்கோவன்” என்றார். குரலிலே கோபமில்லை. பக்கத்து வீட்டிலிருந்து எவர்சில்வர்ப் பேணி ஒன்று வந்தது. அவர் குடித்தார். வேலை தொடர்ந்தது.

இளைய வாசகர் சிலருக்கு இது விளங்காமற் போகலாம். இந்தக் குடாநாட்டிலே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுப் பேணியில் தண்ணீர் கொடுப்பதில்லை. படலைக்கு வெளியே சிரட்டையில் வார்ப்பார்கள். தேநீர்க்கடையில் அவர்களுக்கெனப் போத்தல்களும் சிரட்டைகளும் ஒதுக்கப்பட்டிருந்தன. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னும் 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி மக்கள் ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே போராட்டம் நடந்தது. அப்பு அப்பொழுது பள்ளிப் பருவத்தினர். அவர் கைக்குச் சிரட்டை புதிய பொருளன்று.

சிரட்டை ஒன்றே, அதில் வார்த்த தேநீரும் ஒன்றே. எனக்கு அது இயற்கையோடு ஒட்டிய வாழ்வின் சின்னமாயிருந்தது; அவருக்கு அவமதிப்பின் நினைவாயிருந்தது. வேறுபாடு எங்கே இருக்கிறது? உணர்ச்சியிலே இருக்கிறது என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அது சோம்பேறித்தனமான விடை. எனக்கு வீட்டிலே பேணி உண்டு. வேண்டாமென்று வைத்துவிட்டுச் சிரட்டையை எடுக்கிறேன். அவருக்கு ஒரு காலத்திலே வேறு தெரிவில்லை. மறுக்கும் உரிமை உள்ளவன் கையில் இருப்பதும் அது இல்லாதவன் கையில் இருப்பதும் தோற்றத்தில் ஒரே பொருள். வாழ்க்கையில் இரண்டு பொருள்கள்.

மரமேறுதலும் அவ்வாறே. ஞாயிறு காலை நான் ஏறினேன். தளைநாரை இரு பாதங்களிலும் மாட்டி, மரத்தை அணைத்து, கைகளை உயர்த்திப் பின் கால்களைச் சேர்த்திழுக்க வேண்டும். “காலை நம்புங்கோ மாஸ்டர், கையை நம்பாதேங்கோ” என்று அப்பு கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தடி ஏறியிருப்பேன், முன்கைத் தோல் உரிந்து எரிந்தது. கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். இறங்கியபோது ஒரு மகிழ்ச்சி ஏற்பட்டதை மறைக்க விரும்பவில்லை. புத்தகத்தாற் பெற முடியாத மகிழ்ச்சி அது.

ஆனால் கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். பாளையைப் பல நாள் தட்டிப் பதப்படுத்தியபின் அதன் நுனியைக் காலையும் மாலையும் மெல்லியதாகச் சீவ வேண்டும். கருப்பணிக்கு முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும். தடவாவிடின் புளித்துக் கள்ளாகும். சீவாது விட்டால் வெட்டுவாய் காய்ந்துவிடும். பாளைக்குச் சனியும் இல்லை, ஞாயிறும் இல்லை. ஒருவர் 15 மரம் சீவுகிறார், மரம் 50 அடி என்று கொள்வோம். இருவேளையும் சேர்த்து நாளொன்றுக்கு 1500 அடி ஏற்றம். ஆறு நாளில் 9000 அடி. இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதலாகலையின் உயரம் 8281 அடி. கிழமைதோறும் அந்த மலையைவிட அதிக உயரம் ஏறி இறங்கிய மனிதனுக்கு யாரும் கைதட்டியதில்லை. அவன் ஐம்பதடி உயரத்திலே கத்தியோடு நிற்கையில் கீழே போகிறவர், தமது கிணற்றடியை அவன் மேலிருந்து பார்த்துவிடுவானே என்று சினந்ததுண்டு.

முற்போக்காளர் பலர் இங்கே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இழிவு சுமத்தப்பட்ட தொழில் அழியட்டும், பிள்ளைகள் படித்து வெளியேறட்டும், பழமையை விளையாட்டாக்கிப் போற்றுவது பிற்போக்கு என்கிறார்கள். நானும் நெடுங்காலம் இக்கட்சியினனே. அப்புவும் ஒருவகையில் இக்கட்சியினரே. அவருடைய மகன் கொழும்பிலே கணக்காளர். “மகனுக்கு ஏன் பழக்கேல்லை?” என்று ஒரு மாணவன் கேட்டான். “அவன் மரத்தைத் தொடக் கூடாதெண்டுதானே தம்பி நான் ஏறினனான்” என்றார் அவர். இதற்கு மறுமொழி கூற எவருக்கும் அருகதையில்லை.

தமிழகத்திலே 1953இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். உழைப்பின் மாண்பு என்றே அதற்கு விளக்கம் சொன்னார்கள். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதற்கு இட்ட பெயரே நிலைத்தது. கடும் எதிர்ப்பின்பின் 1954இல் காமராசர் அரசாங்கம் அதைக் கைவிட்டது. கையால் உழைக்கும் கல்வி என்ற கருத்தையே இதனாற் சிலர் வெறுக்கிறார்கள். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த, சாகிர் ஹுசைன் தலைமையிலான குழு வகுத்தளித்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலைத்தான் நடுவிலே வைத்தது. ஆனால் அது பள்ளிக்கூடத்துக்குள்ளே, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பழகும் தொழில். 1953இன் திட்டம் பிள்ளையைத் தகப்பனின் தொழிலுக்குத் திருப்பி அனுப்பியது. பிராமணப் பிள்ளையும் சக்கிலியப் பிள்ளையும் ஒரே தறியில் அமர்வது வேறு. அவரவர் பிறந்த வீட்டுத் திண்ணைக்குப் போவது வேறு. வார்தாத் திட்டத்திலும் எனக்கு ஐயங்கள் உண்டு. அவை இங்கு வேண்டியதில்லை.

கையறிவை அழியவிடுவதற்கு நான் ஏன் இப்பொழுது உடன்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனிதக் கை உழைப்பின் கருவி மட்டுமன்று, உழைப்பின் விளைவுமாகும் என்று 1876இல் எங்கெல்ஸ் எழுதினார். கல்லூரியில் அந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டுப் படித்தேன். அப்புவின் விரல் பாளையைத் தொட்டுப் பார்த்தபோதுதான் அது விளங்கிற்று. இன்று சீவலாமா, இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டுமா என்பதை அந்த விரல் அறியும். அதைச் சொல்லில் எழுதித் தருமாறு கேட்டேன். சிரித்தார். கை செய்வதற்குத் தலை தேவையில்லை என்ற பொய்யின்மீதுதான் சாதி தன் வீட்டைக் கட்டியது. தொழிலை இழிவோடு சேர்த்துப் புதைத்துவிட்டால் அந்தப் பொய் புதைகுழியின்மேல் நிலைத்து நிற்கும்: ‘அவர்களிடம் அறிவொன்றும் இருக்கவில்லை, நல்லவேளை விட்டுவிட்டார்கள்’ என்று நம் பேரப்பிள்ளைகள் சொல்வார்கள்.

எனவே கற்க வேண்டும். எவரிடமிருந்து, எந்த உறவிலே என்பதே வினா. நான் சாரணனாயிருந்தவன். 1907இல் பேடன் பவல் பிரவுன்சீ தீவில் சிறுவர்களை முதன்முதலாகக் கூடாரமடித்துத் தங்கவைத்த கதையைப் பெருமையோடு கேட்டிருக்கிறேன். சாரணத் தலைவர்களுக்கு 1919 முதல் கில்வெல் பூங்காவில் அளிக்கப்பட்ட விருது இரண்டு மரமணிகள். அம்மணிகள், 1888இல் சூலு நாட்டுப் படையெடுப்பின்போது பேடன் பவல் கொண்டுவந்த ஒரு மாலையினின்று கழற்றப்பட்டவை; தினுசூலு என்னும் சூலுத் தலைவனுடைய மாலை அது என்பர். தோற்கடிக்கப்பட்டவனின் கழுத்தணி வென்றவனின் பயிற்சிச் சான்றிதழாயிற்று. அணிந்தவர்களில் எத்தனைபேர் அந்தச் சூலு மனிதனைத் தம் ஆசிரியராக எண்ணியிருப்பார்கள்?

எங்கள் முகாமின் முடிவிலும் சான்றிதழ் வழங்கப்பட்டது. ஒழுங்கமைப்பாளர் இருவர் ஒப்பமிட்டிருந்தனர். அப்புவுக்குப் பொன்னாடை போர்த்தினோம். பொன்னாடையைக் கண்டு எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் எழும்: கூலி பேசாமலிருப்பதற்கு நம்மவர் கண்டுபிடித்த உபாயமோ என்று. ஒரு விரிவுரையாளரை அழைத்திருந்தால் போக்குவரத்தும் வேதனமும் முன்கூட்டியே எழுதியிருப்போம். இவருக்கு என்ன கொடுப்பது என்று ஞாயிறு பிற்பகலிலேதான் மூலையில் நின்று பேசினார்கள். நானும் அந்த மூலையில் நின்றேன். இனி வரும் முகாமில் கற்பிப்பவரின் ஒப்பம் சான்றிதழிலே இருக்க வேண்டும், வேதனம் முதலிலேயே பேசப்பட வேண்டும், தேநீர் பேணியில் வர வேண்டும் என்று நண்பர்களுக்கு எழுதியிருக்கிறேன். ஒப்புக்கொண்டார்கள். சிரட்டையைக் குறித்து மட்டும் ஒருவர், ‘அவருக்கு ஒரு பேணி வைத்தாற் போதாதா?’ என்று கேட்டிருந்தார். ஒருவருக்கு மட்டும் தனிப் பாத்திரமா என்று திருப்பிக் கேட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பிலே என் முன்கையைக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள், எப்போது கூட்டிப்போவீர்கள் என்று ஆரவாரித்தார்கள். என் வகுப்பில் 32 பேர். அவர்களில் மூவரின் பாட்டன்மார் மரமேறியவர்கள் என்பது எனக்குத் தெரியும். வகுப்புக்கும் தெரியும் என்பதே இந்த ஊரின் நோய். அம்மூவரில் ஒருவன் புத்தகத்தைவிட்டுத் தலை நிமிரவில்லை. மற்ற 29 பேரும் மரத்திலேறினால் அது வீரம். இவன் ஏறினால், அதுவும் மற்றவர்களைவிட நன்றாக ஏறிவிட்டால், ‘பரம்பரைதானே’ என்று ஒரு குரல் எழும். ஏறாமல் நின்றால் அதற்கும் ஒரு குரல் எழும். அவனுக்கு அந்த மரத்தடியிலே மறுக்கும் உரிமை உண்டா? ஏட்டளவில் உண்டு. அவனை மட்டும் விட்டுவிட்டுப் போகலாமென்றால், பழைய வாங்கில் அவனை மறுபடியும் தனியே இருத்தியவன் நானாவேன்.

இடைவேளையில் அவன் என்னிடம் வந்தான். “சேர், அந்த அப்புவும் ஏறினவரோ, இல்லை நீங்கள் மட்டுமோ?” என்று கேட்டான். அவர் கீழே நின்று சொல்லித்தந்தார், நாங்கள்தான் ஏறினோம் என்றேன். சற்று யோசித்து, “அப்ப சரி” என்று சொல்லிப் போய்விட்டான்.

பெற்றோருக்குரிய அனுமதிக் கடிதம் 32 பிரதிகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. கொடுப்பதற்குமுன் அந்த மூன்று வீடுகளுக்கும் போய்ப் பேச நினைத்தேன். மூன்று வீடுகளுக்கு மட்டும் வாத்தியார் ஏன் போனார் என்று ஊர் கேட்கும். ஆகவே 32 வீடுகளுக்கும் போகத் தொடங்கியிருக்கிறேன். மாலையில் இரண்டு வீடுகளுக்கு மேல் முடிவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தேநீர் தருகிறார்கள். முகாமைச் சில கிழமைகள் தள்ளிவைக்குமாறு நண்பர்களுக்கு அறிவித்துவிட்டேன்.