பூனைக்குமா குடும்பக் கட்டுப்பாடு?

பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் என்றால் எங்கள் காரியாபட்டியில் முதலில் சிரிப்பார்கள். “பூனைக்குமா குடும்பக் கட்டுப்பாடு?” சிரிப்பு அடங்கியதும் பெண்களே சொல்வார்கள்: “பாவம், ஒரு ஈத்தாவது போடட்டும். தாய்மையே தெரியாமப் போயிரும்ல.”

கிடாய்க்குக் காயடிக்கும்போது யாரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. ஐயோ, தகப்பனாகாமல் போகிறதே என்று எந்தக் கிடாய்க்காகவும் இந்த ஊர் வருந்தியதில்லை. ஒரு ஈத்து போட்டால் பூனையின் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவ ஆதாரமும் கிடையாது. ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் மார்பகக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் நீங்குகிறது.

எனக்கிருந்த தயக்கம் வேறு. “உன் நல்லதுக்குத்தான்” என்று சொல்லிப் பெண்ணுடம்பில் கத்தி வைத்த வரலாறு நமக்குத் தெரியும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே நடந்த முகாமில், ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்டது ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை, இத்தனைக்கும் ஆணுக்கான ஆபரேஷன்தான் எளிது. இதையெல்லாம் படித்துவிட்டு, சம்மதம் சொல்லவே வாயில்லாத ஓர் உயிரை எப்படி மேசையில் கிடத்துவது?

ஆனால் பூனையை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியவர்கள் நாம். ‘ஜோடியா இருக்கட்டும்’ என்று ஒரே ஈத்தில் பிறந்த ஆணும் பெண்ணுமாய்த் தூக்கி வருகிறோம். நான்கைந்து மாதத்தில் பெண்குட்டி பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் இரண்டே மாதம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகவும் முடியும். தெருப்பூனைக்குப் பல கடுவன்கள் வரும். ஒரே ஈத்தில் வெவ்வேறு தகப்பன்களின் குட்டிகள்கூட இருக்கும். அடைபட்ட வீட்டில் இருப்பது அண்ணன் மட்டும்தான், அடுத்த வருடம் மகன்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து பிறக்கும் குட்டியிடம், ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம். ஒளிந்திருந்த குறைகள் அப்போது வெளியே வரும். குட்டிகள் எண்ணிக்கையில் குறையும், பிறந்த சில நாளில் சாகும், பிழைத்தவையும் நோஞ்சானாக இருக்கும். இப்படியே தலைமுறைகள் தொடர்ந்தால் அந்த 25 இன்னும் ஏறும். எங்கள் பக்கம் ஆடு வளர்ப்பவர்கள், பொலிகிடாய் தன் மக்களையே சேர்ந்துவிடக் கூடாதென்று சில வருடத்துக்கொரு முறை கிடாயை மாற்றிவிடுவார்கள்.

அதே வீடுகளில் அக்கா மகளைத் தம்பிக்குக் கட்டிவைப்பதும் உண்டு. அங்கே அந்த வாய்ப்பு 12.5 சதவீதம், மாமன் மகள், அத்தை மகள் என்றால் 6.25. அதே ஆய்வில், தமிழ்நாட்டுப் பெண்களில் கால்வாசிக்கு மேற்பட்டோர் சொந்தத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். கிடாயை மாற்றத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். சொத்து வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். அங்கேயும் கதவைச் சாத்தியது அவள் இல்லை. குழந்தை குறையோடு பிறந்தால் பழி மட்டும் அவள் வயிற்றுக்கு. பூனையை வைத்துப் பெண்ணைப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை.

ஒரு வித்தியாசமும் உண்டு. மனிதத் தம்பதியில் ஆண் செய்துகொண்டாலே போதும். பூனையில் அப்படியில்லை. ஒரு கடுவனுக்குச் செய்தால் தெருவில் இன்னொன்று வரும், அதனால் பெண்ணுக்கும் செய்தாக வேண்டும். கடுவனை விட்டுவிடுவதற்கு இதைச் சாக்காகச் சொல்பவர்கள் உண்டு. அவனுக்கு வயிற்றைத் திறக்கும் வேலையே இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரம் அவனால் சினையாக்க முடியும் என்பதை மட்டும் நினைவில் வைத்துப் பிரித்து வைக்க வேண்டும்.

எங்கள் வீட்டு இரண்டு குட்டிகளையும் வரும் சனிக்கிழமை மதுரைக்குக் கொண்டுபோகிறோம். வலிக்கு மருந்து கேட்டு வாங்குவது, தையலை நக்காமல் கழுத்துப்பட்டை மாட்டுவது, பத்து நாள் மேலே தாவிவிடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் வழக்கம்போல் அம்மா தலையில் விழப் பார்த்தது. அது அண்ணன் வேலை என்று பேசி முடித்திருக்கிறோம்.